சிவப்புப் புள்ளி

ஒரே கார்டில் என்னிடம் இருநூற்றுப் பதினொரு பிரதி இருக்கிறது. பந்தயக் கார் கார்டு சேர்க்கிறவர்கள் என்னைப் பார்த்தால் காலில் விழாத குறைதான். 'ராஜாளி'யின் கடைசிப் புகைப்படத்தை இப்படிக் கொண்டாடுகிற ரசிகர் வேறு யார் என்று கார்டு சங்கத்து மாத இதழில் ஒரு பக்கம் எழுதினார்கள். எழுதியவனுக்கு மூளை இருந்திருந்தால் கேட்டிருப்பான்: ரசிகனுக்கு ஒன்று போதாதா?

ராஜாளி எங்கள் அணியின் ஓட்டுநர். நானும் பீச்சாங்கையும் மெக்கானிக்குகள். எல்லா வேலையையும் இடது கையால் செய்ததால் அவனுக்கு அந்தப் பெயர். கூப்பிட்டால் அவனே சிரிப்பான். சக்கரத்தை மாட்டி நட்டை முறுக்கியதும், அது கழன்றுவிடாமல் இருக்க மேலே ஒரு சிவப்புக் கிளிப்பைச் செருக வேண்டும். இரண்டு கையும் நட்டில் இருக்கும்போது கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்கும் கடித்திருந்தேன். நேரமாச்சு, விடு விடு என்று ஒரே சத்தம், கார் நகர்ந்துவிட்டது. நாக்கில் இரும்பு ருசி தட்டிய பிறகுதான் கிளிப் இன்னும் என் வாயிலேயே இருப்பது தெரிந்தது.

அப்போதே கத்தியிருக்கலாம். பலகை காட்டிக் காரை உள்ளே வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அணி மேலாளர் எனக்குப் பெண் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை. நட்டு தாங்கும் என்று கிளிப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். நான்காவது சுற்றில் வலது முன்சக்கரம் தனியாக ஓடியது. ராஜாளியை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எடுத்த பிறகு யாரும் அவசரப்படவில்லை.

விசாரணையில், "நட்ட நான் முறுக்கினேன். கிளிப்ப அவன் கைல குடுத்துட்டு பெட்ரோல் எடுக்கப் போனேன்" என்றேன். பீச்சாங்கை முதலில் இல்லவே இல்லை என்றான். நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, "குடுத்தானோ என்னவோ, அந்த அவசரத்துல ஞாபகம் இல்ல" என்று இழுத்தான். அது போதுமானதாக இருந்தது. அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணம் நடந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு சூயிங்கம் கம்பெனி அஞ்சலிக் கார்டு போட்டது. கார் கிளம்புகிற நொடியில் எடுத்த படம். ராஜாளி கையை உயர்த்தியிருக்கிறார். பின்னால் பீச்சாங்கை நிற்கிறான். முன்னால், நகர ஆரம்பித்துவிட்ட சக்கரத்தின் பக்கத்தில், மண்டியிட்டபடி நான். என் வாயில் கடுகளவு சிவப்பு. ராஜாளியின் குடும்பம் ஆட்சேபித்ததால் சில நூறோடு அச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சில நூறையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன்.

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். நான் வாங்க வாங்கக் கார்டு அபூர்வமானது. அபூர்வமானதும் போலி வந்தது. போலி வந்ததும் சங்கத்து மேதாவி ஒருவர் அசலுக்கு அடையாளம் சொன்னார்: மெக்கானிக்கின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அச்சுப் பிசகு, போலியில் அது வராது. நான் மறைக்கப் பார்த்ததை ஊரெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. கார்டு தெரிந்தவர்களுக்குக் கார் தெரியாது. அதனால் முப்பது வருடம் பிழைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். விசாரணை நடந்தபோது கைக்குழந்தையாக இருந்திருப்பாள்.

"மாமா, நான் பீச்சாங்கையோட பொண்ணு. அப்பா போன மாசம் தவறிட்டாரு. உங்கள மாமான்னு கூப்பிடச் சொல்லியிருக்காரு."

என் மனைவி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, என்ன வேலை பார்க்கிறாய் என்று விசாரித்தாள்.

"பஸ் டிப்போல மெக்கானிக் அத்த."

நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பின்னால் நிற்கிற உருவத்துக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்த ஒரு கையெழுத்து.

"பெட்டிக்கு அடியிலயே கெடந்துச்சு. எடுத்துப் பாக்கவே மாட்டாரு. கடைசி வாரம் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. படத்துல இன்னொருத்தரும் இருக்காரு, அவர்கிட்டயும் வாங்கி வச்சுக்கோன்னாரு."

"வேற என்ன சொன்னான்?" என்றேன்.

"கிளிப்ப மாட்ட நான்தான் மறந்துட்டேன், என்னால ஒரு உசிரு போச்சு. அதையேதான் சொல்லிட்டு இருந்தாரு. நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து, ஒவ்வொரு நட்டையும் மூணு தடவ பாருன்னு சொல்லாத நாளே இல்ல."

என்னைச் சபித்துக்கொண்டே செத்திருப்பான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு சௌகரியம்கூட இருந்தது. பாவி, அவன் என் பொய்யை நம்பியிருக்கிறான்.

கார்டைத் தொடக்கூட இல்லை. "இது போலிம்மா" என்றேன். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

அவள் முகம் வாடிவிட்டது. "கார்டு வித்தவன்கூட அப்பாவ ஏமாத்திட்டானா?"

இருநூற்றுப் பதினொன்றுக்கும் உறை போட்டவள் என் மனைவி. கார்டை எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். "என்னங்க நீங்க, அசல்ங்க இது! மூக்குக்கண்ணாடிய மாத்துங்கன்னா கேக்குறதில்ல." பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாம், வை அத!" என்று கத்தினேன்.

என் கத்தல் அவளுக்குப் பழக்கம்தான். "அவரு கெடக்காரு. இங்க பாரும்மா. இந்தச் சிவப்புப் புள்ளி தெரியுதா? இது இருந்தா அசல்."

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். மூன்று தடவை பார்த்தாள், அப்பன் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"இது புள்ளி இல்ல அத்த" என்றாள். "கிளிப்பு."

மனைவிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். பெண்ணும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சக்கரத்தோடது மாமா?"

"வலது முன்சக்கரம்" என்றேன்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொல்கிறேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கார்டை என் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து நீட்டினாள்.

"போடுங்க. அப்பா கேட்டது இதுதான்."

மனைவியின் இன்னொரு கை பூதக்கண்ணாடியை இன்னும் கார்டின் மேல்தான் பிடித்திருந்தது. அதற்கு அடியில், சிவப்புக்குப் பக்கத்தில், என் பெயரைக் கோணல்மாணலாக எழுதினேன். அந்தப் பெண் மை காயும்வரை ஊதி, கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா அப்பாகிட்ட காட்டியிருப்பேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.