கழுவாத திராட்சை

"குனிங்கப்பா, தலையக் குனிங்க. கொடி தட்டுது பாருங்க" என்று கத்தியபடி கதிரவன் பின்பக்கமாக நடந்து வந்தான். ஐஸ் பெட்டியின் கால்மாட்டை அவன் பிடித்திருந்தான். மற்ற மூன்று பேரும் முதுகை வளைத்து வாசல் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். அப்படியும் பெட்டியின் ஒரு மூலை கொடியில் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் பந்தல் கம்பி குலுங்கி, பழுத்த குலை ஒன்று கண்ணாடி மூடி மேல் விழுந்து சிதறியது. உள்ளே வெள்ளைத்துரை மூக்கில் பஞ்சோடு கிடந்தார். அவர் முகத்துக்கு நேர் மேலே கறுப்புத் திராட்சைகள் உருண்டன.

எழில் வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தப்பா, இதத் தூரோட வெட்டிப் போடுங்க. பெட்டியும் நேரா நிக்கும், வர்றவுகளும் முட்டிக்கிட மாட்டாக."

கதிரவன் இறந்தவரின் தம்பி. அரிவாளையும் அண்ணன் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்பப் போயாத்தா? காய்ச்சு நிக்கிது. பெறகு பாத்துக்கிடுவோம்."

"இப்பத்தான் வெட்டணும்."

மாடத்தி காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனின் உடலோடு வந்து இறங்கியதிலிருந்து வாய் திறக்கவில்லை. சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் இப்போது மகளைப் பார்த்தாள். "ஏட்டி, அந்தக் கொடி மேல அருவா பட்டுச்சுன்னா நான் ஒனக்கு அம்மா இல்ல."

தெருவே கேட்டது. எழில் அரிவாளைச் சிமெண்டுத் தரையில் விட்டெறிந்தாள். அப்பா செத்த அன்றைக்கு மகள் அழாமல் இப்படிக் கோபப்படுகிறாளே என்று இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவளுக்குக் கோபம்தான் வந்தது. கண்ணீர் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கொடி எழிலை விட இளையது. ஆனால் வீட்டில் மரியாதை அதற்குத்தான் அதிகம். ஏழாயிரம்பண்ணைக் கரிசலில் கருவேலம் தானாக வளரும், வேறு எதுவும் கெஞ்சினால்தான் வரும். அங்கே போய்த் திராட்சை வைத்தவர் வெள்ளைத்துரை. கம்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் ஈரச்சாக்கில் நாலு குச்சிகளைச் சுற்றி எடுத்து வந்தார். குழி தோண்டிச் செம்மண்ணும் சரளையும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பி நட்டார். மூன்று குச்சி காய்ந்து போனது. பிழைத்த ஒன்றைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார். அது தன் தலைக்கு மேலே எட்டியதும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளைக் கம்பிப் பந்தலில் படர விட்டார். பந்தலைத் தன் உயரத்துக்குத்தான் போட்டார். அவர் குள்ளம்.

பிறகு ஒருநாள் கத்தரியை எடுத்து எல்லாக் கிளையையும் கட்டை கட்டையாக நறுக்கித் தள்ளினார். இலை ஒன்று மிச்சமில்லை. வெட்டின வாயெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு கொடி செத்த மாதிரி நின்றது. "வளத்த கையாலேயே கொன்னுட்டீக" என்று மாடத்தி சண்டை போட்டாள். "ஏட்டி, வெட்டுனாத்தான் காய்க்கும். பழசுல காய்க்காது, புதுசா வர்ற துளிர்லதான் பூவே வரும்" என்றார் அவர். சொன்னபடி துளிர்த்தது. கம்பு மணி மாதிரிப் பூ வந்து, பிஞ்சு பிடித்து, பச்சையாகப் பருத்து, ஒருநாள் அடியிலிருந்து கறுக்கத் தொடங்கியது. கறுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டார். தண்ணீர் குறைந்தால் பழம் இனிக்கும். தண்ணீர் இல்லாமல் இருப்பதற்கு இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற ஊர்களில் திராட்சையை இனிப்புக்குத் தின்கிறார்கள். காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப் போகிறார்கள். இந்தத் தெருவில் நெஞ்சைக் கழுவுவதற்காகத் தின்றார்கள்.

வெள்ளைத்துரையும் மாடத்தியும் வேலை பார்த்தது பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து சலிக்கிற ரூமில். கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி என்று காலையிலிருந்து சாயந்தரம் வரை சல்லடையில் ஆட்ட வேண்டும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து காறித் துப்பினால் எச்சில் சாம்பல் நிறத்தில் மினுங்கும். போர்மேன் லட்சுமிகாந்தம்தான் முதலில் வழி சொன்னார். "கறுப்புத் திராட்சையக் கொட்டையோட மென்னு தின்னுங்க. நெஞ்சுல ஒட்டுன தூசியெல்லாம் வயித்துக்கு எறங்கி வெளிய போயிரும்." சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு கொத்து கம்பெனியிலேயே கொடுத்தார்கள். விலை ஏறிய மாதங்களில் கொடுக்கவில்லை. அதனால்தான் வெள்ளைத்துரை சொந்தமாகக் கொடி வைத்தார். தனக்கு மட்டும் இல்லை, ரூமில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து. பழம் வருகிற பருவத்தில் பனங்கூடையோடு கம்பெனி வேனில் ஏறுவார். இறங்கும்போது கூடை காலி.

மழை ஈரத்தில் இலைமேல் சாம்பல் நோய் பூத்தது. குச்சி கொடுத்த கம்பத்துக்காரரிடம் போனில் கேட்டார். அவர் கந்தகத்தூள் தூவச் சொன்னார். கந்தகத்துக்கு வெள்ளைத்துரை எங்கே போக வேண்டும்? சட்டையை உதறினாலே போதும். ரூமிலிருந்து மடியில் கொஞ்சம் முடிந்து வந்து, மெல்லிய துணியில் கட்டி, விடிகாலையில் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கம்பால் தட்டுவார். மஞ்சள் நிறத் தூள் இலைக்குப் பாதி போகும், அவர் மூக்குக்குப் பாதி வரும். பழத்தைக் கழுவவும் விடமாட்டார். "மேல இருக்க வெள்ளப் படலம் இருக்கு பாரு, சத்து பூரா அதுலதான் இருக்கு. கழுவுனா போயிரும்." பகலெல்லாம் மூச்சில் இழுத்த தூசியை இறக்க, அதே தூசி படிந்த பழத்தைத் தின்றார்கள். எழில் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். வரும்போதெல்லாம் நெஞ்சைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று கத்தினாள். "ஒங்கப்பா திராட்ச தின்னுக்கிட்டுத்தான இருக்காரு" என்பாள் மாடத்தி.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னால் எடுத்த படம் எங்கே என்று கேட்டார். அதுதான் முதல் படம். நுரையீரல் இறுகிப் போய்விட்டது, இத்தனை நாள் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றார். மாடத்தி, "திராட்சங்க சார்" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

இந்தப் பக்கத்தில் வெடித்துச் செத்தால் டிவிக்காரன் வருவான், அதிகாரிகள் வருவார்கள், பேப்பரில் படம் வரும். இருமிச் செத்தால் சொந்தக்காரர்கள் மட்டும் வருவார்கள், அவர்களும் இருமிக்கொண்டே.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்கு ஆள் கூடியதும் பெண்கள் மாடத்தியை நடுவில் உட்கார்த்தி வட்டமாகத் தோளைக் கோத்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியில் முதல் குரல் மாடத்தியுடையதுதான். பக்கத்து ஊரிலிருந்தும் அவளைக் கூப்பிட்டுப் போவார்கள்.

"பந்தலிட்ட மகராசா, பந்த நெழல் இங்கிருக்க, பாவி நான்…"

அடி முடியவில்லை. இருமல் வந்து குரலை அறுத்தது. மாடத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. பக்கத்திலிருந்தவள் அந்த அடியை வாங்கிப் பாடி முடித்தாள். சொந்தப் புருஷனுக்கு ஒரு அடி முழுசாகப் பாட அவளுக்கு மூச்சு இல்லை. எழில் நிலைப்படியில் நின்று கேட்டாள். அந்த இருமல் அவளுக்குத் தெரியும். நான்கு வருஷம் முன்னால் அப்பாவிடம் இப்படித்தான் தொடங்கியது. இந்த வீட்டில் அடுத்தது யார் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றது. தீபாவளிச் சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் மருந்து ரூம் பெண்களுக்கு ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள். லட்சுமிகாந்தம் முன்சீட்டிலிருந்து மாலையோடு இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான். யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வருவார். மாலையைப் போட்டு, கொஞ்ச நேரம் கைகட்டி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனசத் தளர விடாத மாடத்தி. பதினாறு கழிச்சு மெல்ல வா. ஒன் எடத்துல வேற ஆளப் போடாமத்தான் வச்சிருக்கேன்."

மாடத்தி தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்குத்தான் எழில் பயந்துகொண்டிருந்தாள். "அம்மா இனிமே அந்த ரூமுக்கு வர மாட்டா அண்ணாச்சி" என்றாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு" என்றாள் மாடத்தி. "வேலைக்குப் போகாம என்ன செய்ய?"

லட்சுமிகாந்தம் பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். "எம்புட்டுக் காச்சிருக்கு பாரு. நாஞ் சொன்ன சொல்ல அப்படியே பிடிச்சுக்கிட்டவன் துரை ஒருத்தன்தான்." இரண்டு குலையைப் பறித்து, உடன் வந்த பெண்களிடம் நீட்டினார். "ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்கம்மா. துரை கையால வளத்தது. திரும்பி ரூமுக்குப் போகணும்ல." அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்களும் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள் எழில்.

"இருக்கட்டும்மா."

"அப்பா வளத்ததுதான. ஒண்ணே ஒண்ணு."

"சுகர் இருக்குத்தா எனக்கு. திராட்ச ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லி வருசக்கணக்காச்சு. நான் தொடுறதே கெடையாது."

"அப்ப ஒங்க நெஞ்சுத் தூசி எப்படி எறங்குது?"

கேள்வியில் இருந்த விஷம் அவருக்குப் புரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்கிற மனிதரின் பெருமையோடு பதில் சொன்னார். "ரூமுக்குள்ள போனா நான் மாஸ்க்கு போட்டுத்தான் போவேன். ரெண்டு பக்கமும் வடிகட்டி வச்சது. வருசத்துக்கு ஒருக்க மதுரையில படமும் எடுத்துப் பாத்துருவேன்."

பெண்களின் கையில் திராட்சை அப்படியே இருந்தது. கொட்டுக்காரர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் லட்சுமிகாந்தத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"குடுத்தா யாரும்மா போடுதீக? வேர்க்குது, மூச்சு முட்டுதும்பீக. துரையும் ஒரு நாளும் கேக்கல."

"இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான கேப்பாரு? நீங்க சொன்னது திராட்ச. அதத்தான் அவரு கேட்டாரு. தெருவுக்கே வளத்தாரு."

"எழிலு, சாவு வீடு" என்று கதிரவன் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

மாடத்தி கண்ணாடிக்கு உள்ளே புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூக்குகிற நேரம் வந்தது. கோடித் துணி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். பாடையைத் தூக்கிக் குனிந்தபடியே பந்தலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். கொட்டுச் சத்தம் கண்மாய்ப் பக்கம் போய்த் தேய்ந்தது. பெண்கள் மாடத்திக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

சுடுகாட்டுக்குப் போகாமல் நின்றிருந்த லட்சுமிகாந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏறுங்கம்மா, லோடு நிக்கிது." மருந்து ரூம் பெண்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

தண்ணீர் சொட்டச் சொட்ட மாடத்தி எழுந்தாள். வீட்டுக்குள் போகாமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். பதினாறு முடியாமல் அவள் தெருவில் கால் வைக்கக் கூடாது. "ஏ மதினி, எங்கன போற" என்று ஒருத்தி பதறிப் பின்னால் ஓடினாள். எழிலும் ஓடினாள். அம்மா இப்போதே வேனில் ஏறப் போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

மாடத்தி, லட்சுமிகாந்தம் ஏறி உட்கார்ந்திருந்த முன்கதவருகே நின்றாள். மூச்சு வாங்கி முடித்த பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மாஸ்க்கக் குடுங்க."

"இப்ப எதுக்கும்மா அது?"

"பாத்துட்டுத் தாரேன்."

அவர் எழிலைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்த பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். கனத்த ரப்பர். இரண்டு பக்கமும் வட்ட டப்பாக்கள். மாடத்தி அதை ஈர முகத்தில் வைத்து அழுத்தி ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். முகத்திலிருந்து எடுத்து உள்பக்கத்தைப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது.

"என் எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

மாஸ்க்கை அவரிடம் கொடுக்கவில்லை. வேன் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். முதல் சீட்டில் இருந்தவள் வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள், முகத்தில் வைத்தாள், இழுத்து விட்டாள், பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் வைத்துப் பார்த்தாள். அது பின்சீட்டுக்குப் போனது.

"நேரமாச்சு, குடுங்கம்மா" என்று லட்சுமிகாந்தம் இறங்கி வந்து ஜன்னலுக்குள் கையை நீட்டினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. வேனுக்குள் ஒருத்தி மாற்றி ஒருத்தி மூச்சு இழுத்து விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.