கேள்விக்கு முன்னால் வந்த பதில்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். “மேற்பார்வைப் பாடம் மட்டும் முடியட்டும்க்கா, பயிற்சிய விட்டுடறேன். அந்த வகுப்புக்கு நான் எதுக்கு, புத்தகமே போதும்” என்று ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் தங்கை சொன்னபோது எனக்கு வருத்தத்தோடு ஒரு கதையும் வந்தது. ஆசிரியர்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற கனமான கதை. முதல் வரி: ‘சிறு வயதிலிருந்தே அவள் கரும்பலகையைக் கனவு

(அடித்துவிட்டேன். ஏன் இந்தப் படிப்பில் சேர்ந்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: “வேற எங்கயும் இடம் கிடைக்கல. லீவும் நிறைய.”)

2

நடந்தது இதுதான். அந்த மேற்பார்வைப் பாடத்துக்கு மதிப்பெண் போட விரிவுரையாளர் வருவதற்கு முந்தின நாள், அதே வகுப்பில் அதே பின்னக் கணக்குப் பாடத்தை நடத்தி ஒத்திகை பார்த்திருக்கிறாள். பயிற்சியில் இருப்பவர்கள் ரகசியமாகச் செய்வதுதான். பிள்ளைகள் பாசத்தில் அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இவள் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே கத்தியது.

“அரைதான் டீச்சர் பெருசு!”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே...”

“அடுத்து ரொட்டிக் கேள்வி டீச்சர்!”

மானம் கப்பலேறியது.

3

இங்கே அவளை அழவைத்து வெளியே அனுப்புவதாக இருந்தேன். இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். அவளோ வேறு வழியில்லாமல், ஒத்திகையில் இல்லாத கேள்வியைக் கேட்டிருக்கிறாள். “கால் பெருசா, மூணுல ஒண்ணு பெருசா?”

ஜன்னலோரச் சிறுமி எழுந்தாள். “கால்தான் டீச்சர். நாலுதானே மூணைவிடப் பெருசு?”

“முதல் தப்பான பதில்க்கா! எங்க இடறுதுன்னு எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சுது” என்றாள் தங்கை. இரண்டு காகிதப் பட்டைகளை மடித்துக் காட்டினாளாம். சிறுமி இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “அட, நிறைய பேர் வந்தா பங்கு சின்னதாயிடும்!” என்றாளாம்.

(மணி அடித்தும் யாரும் எழவில்லை என்று எழுதியிருந்தேன். எல்லாரும் ஓடிவிட்டார்களாம்.)

4

மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டு வந்திருக்கிறாள்.

“விட்டுடறேன்னியே?”

“நாளைக்கு அஞ்சுல ஒண்ணு இருக்குக்கா.”

அப்பாடா! ஒரு நல்ல சோகக்கதை கெட்டுப்போனதில் இவ்வளவு நிம்மதி வரும் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடம் கழித்தும் இருப்பாளா? சம்பளம், வேலைப்பளு, தலைமையாசிரியரின் முகம், இதெல்லாம் அவளை

தெரியாது. அந்தச் சோக முடிவையாவது இங்கே மாற்று முடிவாகக் கொடுக்கலாம் என்று தேடினேன். மேசையில் இல்லை. அந்தத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததாம். அடுத்த அறையில் தங்கை தரையில் உட்கார்ந்து நாளைய வகுப்புக்குப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். முடிவு வேண்டுமென்றால் நீங்கள்தான் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்.