ஒரு கோளாறும் இல்லாத கார்

எங்கள் காருக்கு நிறம் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். நிறமே இல்லாமல் யாரும் கார் விற்க மாட்டார்கள். சாம்பல் என்று பதிவுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுக் கடைக்குள் போய்த் திரும்பினால், நானே அதைத் தாண்டிப் போய்விடுவேன். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்னக் கார். ஹாரன் அடித்தால், யாரோ மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது போலிருக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார். கண்பார்வை மங்கியதும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு விற்றார். அவர் காலத்தில் கார் எப்படி நடந்துகொண்டதோ, அதே ஒழுக்கத்தோடு என்னிடமும் நடந்துகொள்கிறது. சாவியைத் திருகினால் கிளம்பும். பிரேக்கை மிதித்தால் நிற்கும். அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இந்த ரத்தம் பார்க்க எடுப்பாக இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. காரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்து, என் சம்பளத்தில் வாங்கினேன். என் வீட்டுக்காரர் வேறு ஜாதகம். தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் விற்கிற ஷோரூமில் மேலாளர். பளபளப்பில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. நான் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று சுற்றி வந்து பார்த்தார்.

"இது காரா, இல்ல கார் வாங்கினதுக்குக் குடுத்த ரசீதா?" என்றார்.

அவருடைய பழைய காரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான சிவப்புக் கார். மகாராணி என்றுதான் கூப்பிடுவார். சொந்தச் சக்கரத்தில் ஓடியதைவிட இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிப் போனதுதான் அதிகம் என்று நானும் வெகுளியாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மகாராணியின் மனசு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. நண்பர்கள் வீட்டு விருந்து என்றால் அவள் குதிரையாகப் பறப்பாள். என் தங்கை வீடு என்றால் இன்ஜின் சூடாகிவிடும். பையனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் பெல்ட் அறுந்துவிடும். பல் டாக்டர் என்றால் சொல்லவே வேண்டாம், மொத்தமாகப் படுத்துவிடுவாள். எஜமானரின் விருப்பு வெறுப்பை இவ்வளவு நுணுக்கமாகப் புரிந்துகொண்ட பெண் அவள் ஒருத்திதான். எனக்கே அது கைவரவில்லை.

ஆனால் அவள் ஒருநாளும் முழுதாகப் போய்ச் சேராத இடம் ஒன்று இருந்தது. அது என் மாமனார் இருந்த வீடு.

மாமியார் போன பிறகு மாமனார் ஒருநாள் போன் செய்து, "கொஞ்ச நாள் உங்ககூட இருக்கட்டுமாப்பா?" என்று மகனிடம் கேட்டார். "வீடு சின்னதுப்பா, பாக்கலாம்" என்று இவர் சொல்லிவிட்டார். என்னைக் கலந்துகொள்ளவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது பெருமையடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. மாமனார் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்கு, அதாவது என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவின் முகத்தைப் பார்க்க இவருக்குத் தெம்பில்லை. கிளம்புவார். பாதி வழியிலிருந்து போன் செய்வார். "வண்டி நின்னு போச்சுப்பா" என்பார். பாதி வழி என்பது பெரும்பாலும் எங்கள் தெருமுனை டீக்கடைதான்.

மகாராணி ஒருநாள் நிஜமாகவே செத்து, பழைய இரும்புக்குப் போனாள். அந்த இடத்தில்தான் என் சாம்பல் வந்தது. வந்ததிலிருந்து வீட்டுக்காரர் என் தங்கை வீட்டுக்கு வந்தார், பள்ளிக்கூடத்துக்கு வந்தார், இரண்டு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வந்தார். மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் போன் செய்தார். அவர் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு போகிறார்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. இந்த வாரக் கடைசியில் விமானம்.

"அவன வந்து ஒரு தடவ அப்பாவப் பாத்துட்டுப் போகச் சொல்லு. இனி எப்பவோ, என்னவோ" என்றார்.

"கண்டிப்பா வர்றோம் அண்ணி" என்று நான் சொல்லிவிட்டேன். இவர் முகம் போன போக்கைப் பார்த்தால், மூன்றாவது பல்லையும் பிடுங்கியது போலிருந்தது.

புறப்படுகிற அன்று காலை காரடிக்கு எனக்கு முன்னாலேயே போய் நின்றார். முகத்தைத் தயாராக வாடவிட்டிருந்தார்.

"ராத்திரி உள்ள லைட்ட அணைக்க மறந்துட்டேன் போல. பேட்டரி போயிருக்கும். இனிமே ஆளக் கூப்பிட்டு…"

உள்ளே எரிந்த அந்த பல்பின் வெளிச்சம், கொசு தன் சொந்தக் காலைப் பார்த்துக்கொள்ளவும் காணாது. காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் இத்தனை வருஷம் காரை வைத்தே பொய் சொல்லிப் பிழைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் சாவியைத் திருகினேன். அது கிளம்பியது.

வழியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். பெட்ரோல் வாசனை வருகிறது என்றார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார். ஓட்டுகிறவள் நான். தொல்லை தாங்காமல் ஒரு பட்டறையில் நிறுத்தினேன். மெக்கானிக் ஆசையாக வந்து பானெட்டைத் திறந்தார். பசியோடு வந்தவன் மூடியைத் திறந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்தது போல் நின்றார். பிறகு மூடினார்.

"இதுல நான் என்னங்க பாக்கறது?" என்றார்.

"நல்லாப் பாருங்க. ஏதாவது இருக்கும்" என்று இவர் கெஞ்சினார்.

"எங்க உங்களுக்கு நோவுதுன்னு சொல்லுங்க, பாக்கறேன்" என்றார் மெக்கானிக். இவர் போய்க் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நாத்தனார் வீடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. நாங்கள் கீழே காரை நிறுத்தி இறங்குவதற்குள் மாமனார் படியிறங்கி வந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் கனமான ஒரு துணிப்பை. "வாம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நேரே மகனிடம் போனார்.

"வண்டி எங்கப்பா நின்னுச்சு?"

"எங்கயும் நிக்கலப்பா."

"எங்கயுமேவா?" மாமனாரால் நம்ப முடியவில்லை. காரைத் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்தார். அஞ்சலகத்தில் வேலை பார்த்து, கடைசிவரை சைக்கிளிலேயே போய்வந்த மனிதர். அவருக்கும் காருக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது. "அப்போ இதெல்லாம் இந்த வண்டிக்கு ஆகுமான்னு பாரு" என்று பையைக் கார் முகப்பில் வைத்துத் திறந்தார்.

முதலில் ஒரு ரப்பர் பெல்ட் வந்தது. "எனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப நீ கிளம்பி வந்தியே, அப்ப அறுந்துச்சே, அந்த பெல்ட்டு." அடுத்து ரேடியேட்டர் மூடி. "இது உங்கக்கா படியில விழுந்தப்ப." ஒரு காகிதப் பொட்டலத்தில் பியூஸ்கள். "இது என் பொறந்த நாளைக்கு." கூடவே இன்னொரு ரேடியேட்டர் மூடி, ஸ்பார்க் பிளக், வண்டியைக் கட்டி இழுக்கிற கயிறு. "பெட்ரோல் பம்ப்பும் கேட்டேன். வண்டிக்கு வண்டி அது மாறும், வண்டியக் கொண்டாங்கன்னு கடைக்காரன் தரல. அடுத்த தடவ நீ நடுவழியில நின்னா, ஆட்டோ புடிச்சு எடுத்துட்டு வந்துடலாம்னு எல்லாத்தயும் கைக்கெட்டற மாதிரி வெச்சிருந்தேன்."

என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு அன்றே மறந்துபோன பொய்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கடைக்குப் போய் விலைகொடுத்து வாங்கி, தூசி படாமல் வைத்திருந்திருக்கிறார். தெருமுனை டீக்கடையில் இவர் உட்கார்ந்து பேசியது எனக்குத் தெரியும். இங்கே போனை வைத்தபிறகு இவர் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது எனக்குத் தெரியாது.

"இங்க தெருவுல ஒரு மெக்கானிக் இருக்கான்" என்றார் மாமனார். "உங்க பையன் சொல்ற மாதிரியெல்லாம் எந்த வண்டியும் ரிப்பேர் ஆகாது சார்னான். நல்லா ஏசிட்டு வந்துட்டேன். என் பையன விட உனக்குத் தெரியுமாடான்னு."

இவர் பெல்ட்டைக் கையில் எடுத்தார். பிறகு வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"அப்பா, நீங்க போக வேணாம். எங்ககூட வந்துருங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நானும் வாயைத் திறந்து சொன்னேன், "ஆமா மாமா, வாங்க. இப்பவே வாங்க."

மாமனார் சிரித்தார். "டிக்கெட் போட்டாச்சேம்மா. அங்க விசா, அது இதுன்னு மாப்பிள்ளை எனக்காக எவ்வளவு அலைஞ்சாரு." பிறகு மகன் தோளில் கைவைத்துச் சொன்னார். "நீ அங்க வந்து பாரு. ஒரு விதத்துல இதுதான் நல்லது. அங்க வர்றதுக்குக் கார் வேணாம், பிளேன்ல ஏறி உக்காந்தாப் போதும். பாவம், இனிமே நீ நடுரோட்டுல நின்னு கஷ்டப்பட வேண்டியதில்ல."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். நாள் முழுக்க ரத்தத்தில் ஒளிந்திருப்பதைத் தேடுவதுதானே என் பிழைப்பு. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. மகனுக்கு ஒரு கஷ்டம் தீர்ந்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சாம்பல் காரின் முகப்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மாமனார் பதறிப்போய், அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"எதுக்குடா அழற?" என்றார். "வண்டிதான் நல்லா இருக்கே."