பிசிறு வரும் வரை

அறுபது தடவை தேய்த்தாகிவிட்டது. பிசிறு வரவில்லை. சமையலறைத் தொட்டியின் குறுக்கே பலகையைப் போட்டு, அதன்மேல் கல்லை வைத்து நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலில் மதிய வெயில். விடுமுறை நாளில் ஒரு மனிதன் தூங்கலாம், பேப்பர் படிக்கலாம், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். நான் காலை எட்டு மணியிலிருந்து என் ஜப்பான் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஹோட்டலில் மீனும் காய்கறியும் நறுக்குவது என் வேலை. கத்திக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக இந்தக் கத்தியைத் தீட்டித் தீட்டி அதன் அகலம் ஒரு விரல் குறைந்துவிட்டது. தீட்டத் தீட்ட விளிம்பு மேலே ஏறும். அங்கே கத்தியின் உடம்பு தடிமன். கூர் என்னவோ மயிரை வழிக்கும், ஆனால் கேரட்டை நறுக்காது, விறகு மாதிரிப் பிளக்கும். அதற்கு ஒரே வைத்தியம், கத்தியைக் கல்லில் ஏறக்குறையப் படுக்கவைத்து, பக்கங்களைத் தேய்த்து மெலியவைப்பதுதான். காலை முழுக்க அதைச் செய்தேன். சொரசொரப்புக் கல் போட்ட கீறல்களை நைசான கல்லில் போக்கி, கல் கரைந்த சேற்றைத் துணியில் தொட்டு மெருகேற்றி, பழைய மங்கலான வெள்ளியை மீட்டாகிவிட்டது. மிச்சம் விளிம்பு மட்டும்.

அதுதான் சுலபமான வேலை. ஒரு பக்கத்தை ஆயிரம் நம்பர் கல்லில் தேய்த்தால், உலோகம் மயிரிழை அளவுக்கு மறுபக்கம் சுருண்டு நிற்கும். அதுதான் பிசிறு. கட்டைவிரலை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்புக்கு வெளியே இழுத்தால் லேசாகத் தடுக்கும். தடுத்துவிட்டால் கத்தியைத் திருப்ப வேண்டும். மெலிந்த கத்திக்கு இருபது தேய்ப்பே அதிகம்.

எண்பது. விரலை இழுத்துப் பார்த்தேன். வழவழவென்று போனது. கல் குழிந்துவிட்டதோ என்று அதைத் தேய்த்துச் சமன்படுத்தினேன். கல்லைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன், கோணத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். நூற்றிருபது. ஒன்றுமில்லை. எனக்குள் ஏதோ ஒன்று, பேசாமல் கத்தியைக் கீழே வை என்றது. நான் வைக்கவில்லை. வைத்தால் யோசிக்க வேண்டிவரும்.

மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கத்திக்குச் சீவிச் சிங்காரிச்சு முடிஞ்சதா? என் கத்தரிக்கும் ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுக் குடுங்க."

"இரு. இன்னும் பிசிறே வரலை."

அவள் கத்தியை வாங்கினாள். பிசிறு பார்க்க அவளுக்குக் கல்யாணமான புதிதில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தன் கத்தரியை அப்படித்தான் சோதித்துக்கொள்வாள். விரலை வெளிப்பக்கமாக ஒருதரம் இழுத்தாள். புருவம் சுருங்கியது.

"என்னங்க இது, ரம்பம் கணக்கா நிக்குது. இதைப் போய் வரலைங்கறீங்க?"

"சும்மா விளையாடாத."

"நான் எதுக்கு விளையாடணும்? கையை வெச்சுப் பாருங்க."

வலது கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். வழவழப்பு. ஆள்காட்டி விரலை வைத்தேன், நடுவிரலை வைத்தேன். கண்ணாடியைத் தொடுவதுபோலத்தான் இருந்தது. கத்தியை வலது கைக்கு மாற்றி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு இடது கட்டைவிரலை இழுத்தேன். நகக்கண்ணில் நூல் மாட்டியதுபோல வெடுக்கென்று மாட்டியது.

போன வாரம் ஹோட்டலில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் பிடியைத் துணியில்லாமல் தூக்கினேன். கையா இரும்பா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். அதற்கு முன்பு சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் பொத்தானைக் குறை சொன்னேன். அப்பாவுக்குக் காலில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் முழுக்கச் செருப்பில் ஆணியோடு நடந்திருக்கிறார். எனக்குக் கால் போனாலும் உட்கார்ந்து பிழைத்துக்கொள்வேன். கை போனால் எனக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது. விரல்நுனி சொல்வதை வைத்துத்தான் மீனில் முள் எங்கே என்று கண்டுபிடிக்கிறேன். நேற்றும் கண்டுபிடித்ததாகத்தான் நினைத்தேன். நேற்று நான் அனுப்பிய தட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

"தண்ணியிலயே இருந்து விரல் ஊறிப்போச்சு," என்றேன்.

அவள் என் இடது கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்தியை வாங்கித் தொட்டிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, என் வலது கையைத் துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

"பொய் சொல்லாதீங்க."

"தெரியலை," என்றேன். அது உண்மை. எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் பயமாக இருந்தது.

"கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

"தையல்காரி எப்ப டாக்டரானே?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினேன். குழாய் சொட்டுவது கேட்டது.

"சுண்டு விரல்," என்றேன்.

"ம்."

"மோதிர விரல். ரெண்டு தடவை தொட்ட."

"ம்."

என் சத்தத்தில் எனக்கே தைரியம் வந்தது. கல்லில்தான் கோளாறு, அவள் விரலில்தான் கோளாறு, சாயங்காலம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அடுத்த விரலுக்காகக் காத்திருந்தேன். குழாய் நாலைந்து தடவை சொட்டியது. வேண்டுமென்றே தாமதிக்கிறாள் போலிருக்கிறது.

"தொடு."

அவள் மூச்சு விடுவது முகத்துக்கு மிகப் பக்கத்தில் கேட்டது.

"என்ன, தொடமாட்டேங்கற? சீக்கிரம் தொடு."

கண்ணைத் திறந்தேன். அவள் நகம் என் கட்டைவிரல் சதையில் பாதிவரை புதைந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.