வெயிலடித்தால் போகும் இணையம்

பல்கலைக்கழகம் அந்தத் தெருவுக்கு இலவச இணையம் கொடுத்தது. மழையில் ஒழுங்காக வந்த சிக்னல், வெயிலடித்தால் காணாமல் போனது. பல்கலைக்கழக டெக்னீஷியன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

இன்று நல்ல வெயில். அந்தத் தெருச் சலவைக்காரம்மாவின் மகளுக்கு ஆன்லைன் நுழைவுத்தேர்வு. பாதியில் இணைப்பு அறுந்தது. டெக்னீஷியன் அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினான். அங்கே சலவைக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்; ஆன்டெனாவை மறைத்துக்கொண்டு ஈரக் கம்பளிகள் தொங்கின. மழை நாளில்தான் யாரும் துணி காயப்போட மாட்டார்களே!

"அக்கா, உங்க கம்பளிதான் சிக்னலைக் குடிக்குது."

"தண்ணி குடிக்கும். சிக்னலுமா குடிக்கும்?"

"ஈரமா இருந்தா குடிக்கும். எடுத்துத்தான் பாருங்களேன்."

அவள் நம்பாமலே ஒவ்வொன்றாக உருவி அவன் தோளில் போட்டாள். கடைசிக் கம்பளி இறங்கியதும் கீழிருந்து மகள், "வந்துடுச்சும்மா" என்றாள்.

அவன் சட்டையெல்லாம் தண்ணீர். "இதை எங்கக்கா வைக்கிறது?"

"கீழே வச்சா அழுக்காயிடும். பரீட்சை முடியற வரைக்கும் அப்படியே நில்லு தம்பி."