ஐப்பசியில் பூத்த முந்திரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் தைரியம் இருக்காது.

2004 அக்டோபர் கடைசி. காடாம்புலியூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் கிராம நிர்வாக அலுவலர். ஒரு கொலை வழக்குக்காகக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் பலத்தில் சின்னையன் என்பவர் கடலூர் சிறையில் இருக்கிறார்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘கேப்பர் மலைச் சிறையின் மதில்மேல் வெயில்...’ (வேண்டாம். அந்த மதிலுக்குள் நான் போனதே இல்லை.)

‘சின்னையன் நல்லவர். அவர் ஒருபோதும்...’ (எனக்குத் தெரியாது. குடித்தால் சண்டை இழுப்பார் என்று ஊரில் சொன்னார்கள்.)

‘நான் ஒரு கோழை.’ (இப்படி ஆரம்பித்தால் உங்களுக்கு என்மேல் பிரியம் வந்துவிடும். அதற்காகத்தான் எழுதினேன் போலிருக்கிறது. அடித்துவிட்டேன்.)

2

முந்திரி வியாபாரி ராஜாமணி தன் தோப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். முந்தின வாரம் அவரோடு வேலித் தகராறில் மல்லுக்கு நின்றவர் சின்னையன். இரண்டாம் நாளே அவரைப் பிடித்துவிட்டார்கள். நான் போனபோதே, அவர் வெட்டியதாகச் சொன்ன கொடுவாள் நிலையத்து மேசைமேல் இருந்தது.

கைதானவர் இடத்தைக் காட்ட வேண்டும், சாட்சிகள் கண் முன்னால் ஆயுதத்தை எடுத்துத் தர வேண்டும், அதை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மகஜர் என்று அதற்குப் பெயர். தோப்புக்கு யாரும் கிளம்பவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

[இடையில் ஒன்று. எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று நாங்கள் அடங்கல் எழுதுவோம். வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. வீட்டில் உட்கார்ந்து போன வருடத்தைப் பார்த்து எழுதுவது வழக்கம். அப்படிப் பழகிய கை என்னுடையது. இது சமாதானம் இல்லை, தகவல்.]

நான் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன் என்பது நிலையத்தில் ரைட்டராக இருந்த ஏட்டுக்குத் தெரியும். “நீங்க கொஞ்சம் நம்புற மாதிரி கோத்துச் சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னேன்:

‘வடக்கு வேலியிலிருந்து ஏழாவது மரத்தடியில், உதிர்ந்து கிடந்த முந்திரிப் பூக்களையும் சருகையும் இடது கையால் விலக்கி, எதிரி மேற்படி கொடுவாளை எடுத்துக் கொடுத்தார்.’

(குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டுத் தமிழில் எதிரி என்பார்கள்.) நான் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதால், என்னோடு வந்திருந்த தலையாரியும் போட்டார். அவர் இப்போது உயிரோடு இல்லை.

2006இல் கூண்டில் ஏறி அதையே ஒப்பித்தேன். நீதிபதி தீர்ப்பில் எழுதினார்: ‘இவ்வளவு இயல்பான விவரங்களை நேரில் கண்டவரன்றி வேறொருவர் சொல்லியிருக்க முடியாது.’ ஆயுள் தண்டனை.

நான் எழுதிய எதற்கும் அப்படியொரு பாராட்டு வந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தீர்ப்பைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

3

2011 டிசம்பரில், நான் மாற்றலாகிப் போயிருந்த சிதம்பரத்தில் என் வீட்டுக்குச் சின்னையனின் மனைவி தைலம்மாள் வந்தார். கூடவே வக்கீல் லோகநாயகி. தைலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் இசைவாணி பத்தாவது வந்த பிறகு தீர்ப்பு நகலை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாராம்.

“நான் பொறந்ததுலேர்ந்து முந்திரித் தோப்புல கெடக்கறவ சார். ஐப்பசியில ஏது பூ? மார்கழி தையிலதான பூக்கும்.”

நீதிபதி டவுன்காரர். இரண்டு பக்க வக்கீல்களும் டவுன்காரர்கள். சின்னையனுக்கோ கோர்ட்டில் பயத்தில் எதுவுமே காதில் ஏறவில்லையாம். ஏழு வருடத்தில் யார் கண்ணிலும் படாத பொய்யை ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வாசித்து, அவள் அம்மா கேட்டுப் பிடித்துவிட்டார்.

மேல்முறையீடு பிப்ரவரியில் விசாரணைக்கு வருகிறது என்றார் லோகநாயகி. நான் தோப்புக்கே போகவில்லை என்று ஒரு அஃபிடவிட் கொடுத்தால் அதை வைத்துப் போராடலாம். “பொய்ச்சாட்சி கேஸ் வரும் சார், வேலை போகலாம். மறைச்சுக் கேக்க மாட்டேன்” என்றும் சொன்னார்.

தப்பிக்க எனக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. தைலம்மாளிடம் கேட்டேன், “உங்க வீட்டுக்காரர் வெட்டலன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?”

“நான் அன்னிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன் சார். பாக்காதத எப்படிச் சொல்லுவேன்?”

(இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. அழுவார், காலில் விழுவார் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அவர் எதையும் செய்யவில்லை.)

4

முடிவுகள்.

அ. கையெழுத்துப் போடுகிறேன். சின்னையன் சிறை வாசலில் வந்து நிற்கிறார். தைலம்மாள்... (இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். இத்தனை வருடம் கழித்து மாற்றிப் பேசுகிறவனை நம்ப முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிடலாம்.)

ஆ. போடவில்லை. நான்கு வருடத்தில் ஓய்வு பெறுகிறேன். இந்தக் கதைக்குப் பரிசு கிடைக்கிறது.

இ. வெட்டியவர் சின்னையனேதான். நான் உண்மையைச் சொல்ல, கொலைகாரர் வெளியே வருகிறார். (ஒரு மாதம் இந்த முடிவுக்குள்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் அவர் வெட்டினாரா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பார்த்தேனா என்றுதான் கேட்கிறார்கள்.)

ஜனவரியில் தைலம்மாள் மறுபடி வந்தார். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று சொல்லி, இதுவரை உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்கு சார். இதுக்கு அடியில கையெழுத்துப் போடுவீங்களா?”

கதைக்குக் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை என்றேன்.

“அப்ப இது எதுக்கு சார்?”

நான் தாள்களை அடுக்கி வைத்தேன். அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு என்மேல் அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

5

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். நோட்டரி அறையில் மின்விசிறி ஓடவில்லை. லோகநாயகி தாளை நகர்த்தினார். பேனா இரண்டு முறை எழுத மறுத்தது, மூன்றாவது முறை சுப்புராயன் என்று என் பெயரைப் போட்டேன்.

நம்பிவிட்டீர்களா? நம்பாதீர்கள். நான் நன்றாக எழுதுகிறவன்.

லோகநாயகியின் அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். மாலை ஐந்துக்கு மேல் இருப்பார். சின்னையன் வழக்கில் அஃபிடவிட் வந்ததா என்று கேளுங்கள். தேதி பிப்ரவரிக்கு முந்தியதா என்று பாருங்கள். என் கையெழுத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகு இந்தக் கதையின் கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.