ஆத்தா மஞ்சள் குளித்த தண்ணீர்

ஆற்றில் செம்மண் தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் அதைச் சேறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆத்தா மஞ்சள் குளித்த தண்ணீர் என்பார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள், தலையில் தெளித்துக்கொள்வார்கள், குடத்தில் மொண்டுபோய் வீட்டில் வைப்பார்கள். அதில் நூல் அலசிப் பிழைக்கிறவன் நான் ஒருவன்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ஆடியில் பொறுமையே போய்விட்டது. என் மகள் பாப்பாயிக்கு ஆவணியில் கல்யாணம். சீர்ச் சேலை எடுக்க வேண்டியவர் தாய்மாமன், அதாவது என் மனைவி மாரக்காளின் அண்ணன் சென்றாயன். அவருக்குக் கடைச் சேலை ஆகாதாம். நான் வெளுத்த நூலில் ராசிபுரத்தில் நெய்ய வேண்டுமாம்.

"பாலாட்டம் வெள்ளையா இருக்கோணும் மாப்ள. கரை மட்டுந்தான் செவப்பு. ஒரு கறை தெரிஞ்சாலும் சபையில எம்மானம் போயிரும்" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நூலை உவர்மண் போட்டு வேகவைத்துவிட்டேன். இனி ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். கிணற்றில் எல்லாம் உப்பு. அதில் அலசினால் நூல் விறைத்துத் தறியில் அறுந்துபோகும். வெந்த நூலை அப்படியே வைத்தாலோ இற்றுப்போகும். ஆற்றை விட்டால் கதியில்லை.

அன்றைக்கென்று மேற்கே கரட்டு மலையில் மழை கொட்டியது. முன்பெல்லாம் வெள்ளம் வந்த மறுநாளே ஆறு தெளிந்துவிடும். போன வருஷத்திலிருந்து, தூறல் விழுந்தாலே குழம்பு மாதிரி வருகிறது, தெளியவே மாட்டேன் என்கிறது. காத்திருந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அலசினேன். அலச அலச நூல் செங்கல் நிறமானது. மாரக்காள் ஒரு சிட்டம் நூலைப் பிழிந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தார். கையில் கற்பூரம், தோளில் பித்தளைக் குடம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கும்பிட்டு, குடத்தை நிரப்பிக்கொண்டு கரையேறினார்.

"ஆத்தா செழிப்பா வந்திருக்கறா மாப்ள!"

நான் நூலைப் பிழிந்துகொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் சண்டைதான். அவர் குடத்தை இறக்கி வைத்தபோது உள்ளே ஏதோ மிதந்தது. எடுத்துப் பார்த்தேன். முளைத்த கடலைச் செடி, வேரும் இலையுமாக.

"இது ஆருதுங்க மச்சான்?"

வாங்கி உள்ளங்கையில் புரட்டினார். முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் கரட்டுச் சரிவில் புதரையெல்லாம் வெட்டித் தள்ளி, உழுது கடலைக்காடு ஆக்கியவர் அவர் ஒருவர்தான். சீமைக்குக் கடலை கப்பலில் போகிறது, நல்ல கிராக்கி என்று யாரோ சொன்னார்களாம்.

"எப்பிடியுங்க உழுதீங்க?"

"மேல இருந்து கீழதான். குறுக்கால உழுதா தண்ணி நின்னு கடலை அழுகிருமல்ல? சால் புடிச்சுச் சல்லுனு எறங்கிப் போயிரும்னு..."

"எறங்கிப் போச்சுங்க. காட்டையும் கூட்டிக்கிட்டுப் போச்சு! புதரு இருந்த வரைக்கும் மழை வேருல தங்கித் தெளிஞ்சு வந்துச்சு. இப்ப உங்க காடே வருது. அதுக்குக் கற்பூரம் காட்டறீங்க!"

கத்திவிட்டேன். "ஆத்தா தண்ணியப் பழிக்காதய்யா" என்று படித்துறையிலிருந்து ஒரு குரல் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மச்சான் குடத்தைக் கவிழ்த்தார். அடியில் தங்கியிருந்த செம்மண்ணை வழித்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எம்மண்ணுதான்" என்றார். பிறகு, "வேற நூலு வாங்கிக்கலாம் மாப்ள."

"வாங்கி? எதுலீங்க அலசறது?"

அவர் காலிக் குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

மாரக்காள் எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவந்த சிட்டங்களைக் கூடையில் அடுக்கி அண்ணன் தலையில் தூக்கி வைத்தாள்.

"இதையே நெய்யக் குடுங்கண்ணா. மருமவளுக்கு நெலம் எழுதி வெக்கற மாமனைப் பாத்திருக்கறேன். நீங்க சேலையிலயே வெச்சுட்டீங்க. சபையில ஆராச்சும் இதென்ன கறைன்னு கேட்டா எங்காடுதான்னு சொல்லுங்க."

கூடையிலிருந்து செந்தண்ணீர் மச்சானின் நெற்றியில் வழிந்தது. அவர் துடைக்காமலே ராசிபுரம் பாதையில் நடந்தார்.